சுண்ணாம்புக் காசு

ஜப்பானில் நாங்கள் வேலை பார்த்த தோல் பதனிடும் பட்டறையில், தோலை இழுத்துக் கட்டும் அறையில் ஒற்றை ஆளாக வேலை செய்ய முடியாது. சட்டத்துக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் நிற்க வேண்டும். ஈரத் தோலை ஓட்டை போட்ட இரும்புத் தட்டின் மேல் விரித்து, ஓரத்தைக் கவ்வியால் பிடித்து, எதிராளி இழுக்கும் அதே நொடியில் நாமும் இழுத்துக் கொக்கியை ஓட்டையில் மாட்ட வேண்டும். ஒருவர் முந்திவிட்டால் தோல் கோணிக்கொள்ளும். காய்ந்த பிறகு அந்தக் கோணலை எந்த எந்திரத்தாலும் எடுக்க முடியாது. ஒரு மாட்டுத் தோலுக்கு ஐம்பது கவ்விகள். ஒரு நாளைக்கு எண்பது தோல்.

எட்டு வருஷமாக அந்த அறையில் தோவாவுக்கு எதிரே நின்றவன் அவள் புருஷன் கியெம். அந்த வருஷம் நவம்பரில் அவன் ஊரில் இல்லாததால், தோலைப் போட்டுச் சுழற்றும் பெரிய பீப்பாய்கள் இருக்கும் டிரம் கொட்டகையில் இருந்த என்னை முதலாளி கிஷிமோதோ அங்கே அனுப்பினார்.

"அண்ணே, முந்துறீங்க," என்றாள் தோவா.

"நீ பிந்துற."

"அவரு வாய்க்குள்ள எண்ணுவாரு. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு. மூணுக்கு இழுக்கணும்."

"அவன் வலை இழுத்த கை. நான் சைகோன்ல தட்டச்சு அடிச்ச கை. ஒவ்வொரு விரலும் ஒவ்வொரு நேரத்துலதான் வேலை செய்யும்."

சிரித்தாள். சிரித்த கையோடு, "அங்க இப்ப மணி என்ன இருக்கும்?" என்றாள்.

"இங்க விட ஒரு மணி நேரம் கம்மி. காலையிலேருந்து நாலாவது தடவை கேக்குற."

"கடிகாரம் ஓடுதான்னு பாத்தேன்," என்றாள்.

கியெம் மலேசியாவின் கிழக்குக் கரையில் மேராங் என்ற மீனவ ஊரில் இருந்தான். எதிரே கடலுக்குள் பிடோங் தீவு. பதினோரு வருஷத்துக்கு முன்னால் வியட்நாமிலிருந்து படகில் தப்பி வந்தபோது எங்கள் எல்லோரையும் வாங்கிக்கொண்ட முகாம் தீவு அது. கியெமும் தோவாவும் நான்கு மாதம் அங்கே இருந்தார்கள். வந்தபோது இரண்டு பிள்ளைகள். புறப்பட்டபோது ஒன்று. இரண்டரை வயதுப் பையன் வயிற்றுப்போக்கில் மூன்றே நாளில் போய்விட்டான். மலைச்சரிவில் புதைத்தார்கள். வின் என்று பெயர். வீட்டில் கூப்பிட்டது எருமைக்கன்னு என்று. அசிங்கமான பேர் வைத்தால் பேய் பிசாசு திரும்பிப் பார்க்காது என்று எங்கள் ஊரில் ஒரு நம்பிக்கை. அந்த முறை பார்த்துவிட்டது.

போன வருஷம் முகாமை மூடினார்கள். ஆளில்லாத தீவில் மழைக்கு மலை சரிகிறது, கீழ் வரிசைக் கல்லறைகள் ஏற்கெனவே கடலுக்குப் போய்விட்டன என்று யாரோ எழுதிய கடிதம் எங்கள் குடியிருப்பில் கைமாறி வந்தது. எலும்பை எடுத்துக்கொண்டு வந்துவிடலாம் என்று தோவா அன்றைக்கே முடிவு செய்தாள்.

கியெமின் பயணப் புத்தகம் டிசம்பர் பதினான்கு திங்கட்கிழமை வரைதான் செல்லும். அதற்குள் அவன் ஜப்பானுக்குள் கால் வைத்தாக வேண்டும்.

இந்தப் புத்தகம் எப்படி வேலை செய்கிறது என்று எங்கள் ஆட்களுக்கு நான்தான் விளக்குவேன். குடியிருப்பில் பாதிப் பேருக்கு விண்ணப்பம் எழுதியவன் நான். பார்க்க பாஸ்போர்ட் மாதிரியே இருக்கும். மேல் மூலையில் மட்டும் இரண்டு சாய்கோடுகள். எந்த நாட்டு அதிகாரியும் முதலில் அந்த மூலையைத்தான் பார்ப்பான். பாஸ்போர்ட் சொல்வது, 'இவன் எங்கள் ஆள்' என்று. சாய்கோட்டுப் புத்தகம் அப்படிச் சொல்லாது. 'இவன் எங்கள் ஆள் இல்லை. ஆனாலும் இந்தத் தேதிக்குள் திருப்பி அனுப்பினால் வாங்கிக்கொள்கிறோம்' என்று சொல்லும். அந்த வாக்குறுதியை நம்பித்தான் அடுத்த நாடு உள்ளே விடுகிறது. தேதி தாண்டினால் வாக்குறுதி போய்விடும். பிறந்த நாடும் வாங்காது, இருந்த நாடும் வாங்காது, நிற்கிற நாடும் வைத்துக்கொள்ளாது. ஒரு வருஷத்துக்கு மேல் யாருக்கும் கொடுப்பதில்லை.

கியெமுக்கு அந்த ஒரு வருஷம் முழுசாகக் கையில் இருந்தது. மே மாத விடுமுறையிலேயே போய்விட்டு வருகிறேன் என்றுதான் நின்றான். தோவாதான் விடவில்லை.

அவள் பிறந்தது வியட்நாமின் வடக்கே, தாய் பிங்கில். அங்கே செத்தவர்களை இரண்டு முறை புதைப்பார்கள். மூன்று வருஷம் கழித்துத் தோண்டி, எலும்பைக் கழுவி, சின்ன மண்பெட்டியில் அடுக்கி மறுபடி வைப்பார்கள். அதற்குக் காலம் உண்டு. சந்திரக் கணக்கில் ஒன்பதாம் மாதம் முடிந்து, வருஷத்தின் மிகக் குட்டையான பகல் வருவதற்குள் செய்துவிட வேண்டும். அது நவம்பர் வாக்கில் வரும். அப்போதுதான் அங்கே மழை ஓய்ந்து மண் காய்ந்திருக்கும். ஈர மண்ணில் எடுத்த எலும்பு கறுக்கும், வீட்டுக்கு ஆகாது.

கியெம் தெற்கத்தியான், ராக் யா கடற்கரைக்காரன். அவர்கள் ஒரு தடவை புதைத்தால் அதோடு சரி.

"உங்க ஆளுங்க செத்தவனைக்கூட நிம்மதியா படுக்க விடமாட்டீங்களா?" என்று அந்த வசந்தத்தில் அவன் கேட்டது என் காதில் விழுந்தது. ஆற்றங்கரையில் நாங்கள் கீரை போட்டிருந்த துண்டு நிலத்தில் மூவரும் களை பிடுங்கிக்கொண்டிருந்தோம்.

"படுத்த எடம் சரியில்லன்னா மாத்திப் படுக்க வைக்கிறோம். பாய விரிச்சா போதும், சாணி மேலன்னாலும் படுத்துக்குவீங்க நீங்க."

"மே மாசம் கடலு நல்லா இருக்கும்டி."

"கடலு நல்லா இருந்தா போதுமா? மண்ணு நல்லா இருக்க வேணாமா? பத்தாம் மாசம் போங்க. பத்தாம் மாசம் கடலு எப்படி இருக்கும்?"

கியெம் நிமிர்ந்து யோசித்தான். பதின்மூன்று வயதிலிருந்து கடலுக்குப் போனவன். பொய் சொல்லத் தெரியாது. "பத்தாம் மாசம் வாடைக்காத்து. ராக் யால கடலு தட்டுல ஊத்தின எண்ணெய் மாதிரி கெடக்கும்," என்றான்.

"அப்புறம் என்ன?"

அப்புறம் ஒன்றுமில்லை. முடிவாகிவிட்டது. புத்தகத்தில் ஒரு மாதத்துக்குக் குறைவாகத்தான் மிச்சம் இருக்கும், புதிதாக வாங்கப் போனால் பழையதைக் கொடுத்துவிட்டு ஒன்றரை மாதம் காத்திருக்க வேண்டும், குட்டைப் பகல் தாண்டிவிடும் என்று கணக்குப் பார்த்துச் சொன்னவன் நான். மூன்று வாரம் தாராளமாகப் போதும் என்று சொன்னவனும் நான்தான்.

அவன் புறப்படுவதற்கு முதல் நாள் மாலை, தோவா அடுக்களைத் தரையில் சோறு சாப்பிடும் குச்சிகளை எலும்புபோல் அடுக்கி அவனுக்குச் சொல்லிக்கொடுத்தாள். சோம்பும் பட்டையும் போட்டுக் கொதித்த தண்ணீர் அடுப்பில் ஆறிக்கொண்டிருந்தது. அதன் வாசனை எப்படி இருக்க வேண்டும் என்று அவனை முகர்ந்து பார்க்கச் சொன்னாள். சிவப்புத் துணி மடித்து வைத்திருந்தது.

"மொதல்ல அரிசிச் சாராயத்துல ஒரு தடவை. அப்புறம் இந்தத் தண்ணி. துடைச்சிட்டு துணியில வைக்கணும். தலைய கடைசியா வைங்க. இந்தா, இது கால்."

"ரெண்டு குச்சிதானா?"

"கீழ்க்கால்ல ரெண்டு எலும்பு இருக்கும். சின்னப் புள்ளைக்கு நூலாட்டம் இருக்கும். பாத்து எடுங்க. விரலு எலும்ப எல்லாம் சல்லடையில சலிச்சு எடுக்கணும். ஒண்ணுகூட விடக் கூடாது."

"எத்தனை இருக்கும்?"

"யாருக்குத் தெரியும்? இருக்கிறதெல்லாம்."

பதினாறு வயது மகள் குயென் மேசையில் பள்ளிக்கூடப் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். தம்பி இறந்தபோது அவளுக்கு ஐந்து வயது. எழுதிக்கொண்டிருந்தவள் திடீரென்று எழுந்து வந்து, சின்ன இனிப்புக் கரண்டி ஒன்றை நெஞ்சு இருக்கும் இடத்தில் வைத்துவிட்டுப் போனாள். கியெம் அதை எடுத்துப் பெட்டியில் போட்டுக்கொண்டான்.

போன மூன்றாம் நாளே அவனிடமிருந்து ஃபோன் வந்தது. கியெம் ஃபோனில் பேசுவதே படகிலிருந்து படகுக்குக் கத்துவதுபோல் இருக்கும். பக்கத்தில் இருப்பவர்களுக்கும் நன்றாகக் கேட்கும்.

"தோவா! இங்க கடலு தலைகீழா இருக்கு!"

"என்ன தலைகீழ்?"

"வாடை எதுக்க வருது! மூஞ்சியில அடிக்குது! ஒரு படகும் எறங்கல. எல்லாத்தையும் ஆத்துக்குள்ள ஏத்திக் கட்டிட்டானுங்க. பிப்ரவரி வரைக்கும் இப்படித்தானாம்!"

காற்று ஒன்றுதான். வடகிழக்கிலிருந்து வரும் அதே வாடை. ராக் யாவில் அது நிலத்தின் மேலேறி, வயல்களையெல்லாம் தாண்டி, கரையின் முதுகுப் பக்கமாக வந்து கடலில் இறங்கும். அதனால் கரையோரக் கடல் அலையில்லாமல் கிடக்கும். மேராங்கில் அப்படியில்லை. ஆயிரம் மைல் திறந்த கடலில் ஓடி வந்து அந்தக் கரையின் முகத்தில்தான் முதல் அடி அடிக்கும். மழையையும் அதுதான் கொண்டுவரும். தோவாவின் ஊரில் மண் காயும் மாதம், அங்கே மலை கரையும் மாதம். தீவில் அவர்கள் இருந்தது ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை. அந்த வாடையை அவர்கள் பார்த்ததே இல்லை. அவள் தன் ஊர் மண்ணை நம்பினாள், அவன் தன் ஊர்க் கடலை நம்பினான். இரண்டும் வேறு கரை.

கியெம் தோண்டுவதற்கான அனுமதிக் கடிதம் வாங்கிவிட்டான். பக் சூ என்ற கிழட்டு மீனவன் வீட்டில் தங்கியிருந்தான். தினமும் காலையில் கடற்கரைக்குப் போய் நிற்பான். வானம் வெளுத்தால் தீவு தெரியும் என்றான். கண்ணுக்கு எட்டும், கைக்கு எட்டாது. மீதி நேரம் பக் சூவின் வலைகளைப் கிழிசல் பார்த்துப் பின்னிக்கொடுத்தான். ஒரு வாரம் போயிற்று. இரண்டு வாரம் போயிற்று. இங்கே இச்சிக்காவா ஆற்றுத் தண்ணீர் விரலைக் கடிக்கத் தொடங்கியது. மயிர் கழல ஊறப்போட்ட தோலைச் சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து எடுப்பவர்கள் கைக்கு எண்ணெய் தடவிக்கொண்டு இறங்கினார்கள்.

டிசம்பர் பத்தாம் தேதி வியாழக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கிஷிமோதோவின் அறை ஃபோனிலிருந்து நான் குடியேற்ற அலுவலகத்தைக் கூப்பிட்டேன். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி உண்டு. தவிர்க்க முடியாத காரணத்தால் திரும்ப முடியாதவர்கள், அங்குள்ள ஜப்பானியத் தூதரகத்தில் தேதியை நீட்டித்துக்கொள்ளலாம் என்று. குயென்தான் அந்த வரியைக் கண்டுபிடித்துக் கோடு போட்டுக் கொடுத்திருந்தாள்.

எடுத்தவர் மரியாதையான மனிதர். முழுவதையும் கேட்டார்.

"அவருக்கு உடம்பு சரியில்லையா?" என்றார்.

"நல்லா இருக்காரு."

"விபத்து ஏதாவது?"

"இல்லீங்க. கடல்தான். கடல் கொந்தளிப்பு."

"விமானங்கள் ஓடுகின்றனவா?"

"ஓடுது."

தாள் புரளும் சத்தம் கேட்டது. "நீங்கள் சொல்லும் கடல், அவர் ஜப்பானுக்குத் திரும்பும் வழியில் இல்லையே," என்றார். வருத்தத்தோடுதான் சொன்னார். "அது அவர் தீவுக்குப் போகும் வழியில் இருக்கிறது. தூதரகத்தில் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் இதைத் தவிர்க்க முடியாத காரணம் என்று எழுதுவது கஷ்டம்."

அவர் சொன்னதில் ஒரு பிழையும் கண்டுபிடிக்க முடியவில்லை. கிஷிமோதோ தன் சோற்றுப்பெட்டியை மூடிவிட்டு, "என்ன சொல்றான்?" என்றார். சொன்னேன். "நம்ம பக்கத்துக்குப் பொண்ணு குடுக்க மாட்டேன்னு சொல்றவனும் இப்படித்தான் மரியாதையா சொல்லுவான்," என்று எழுந்து போனார். தோல்காரர்கள் என்று ஊர் ஒதுக்கிவைத்த தெருவில் பிறந்து எழுபது வருஷம் இருந்தவர் அவர்.

மாலை நான்காம் மாடியில் இருந்த தோவாவின் வீட்டுக்கு ஏறிப் போய்ச் செய்தியைச் சொன்னேன். தோவா மாட்டு நெஞ்சுக்கறியும் முள்ளங்கியும் போட்டுக் குழம்பு வைத்திருந்தாள். கிண்ணத்தை என் முன்னால் வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டாள்.

"அப்ப ஞாயித்துக்கெழமை விமானத்துல அவரு ஏறியே ஆகணும்," என்றாள்.

"ஆமா. ஞாயிறு காலையில. அத விட்டா அடுத்தது செவ்வாய். அதுக்கு சனிக்கெழமை ராத்திரி எட்டு மணிக்கு மேராங் பக்கத்துலேருந்து பஸ் ஏறணும்."

"சாப்பிடுங்கண்ணே. ஆறிப்போகுது."

ஏழு மணிக்கு ஃபோன் அடித்தது. ஃபோன் இருந்தது சாமி அலமாரிக்குப் பக்கத்தில். அந்த அலமாரியில் வின்னுக்குப் படம் இல்லை. எடுத்ததே இல்லை. ஒரு கிண்ணமும், ஊதுவத்திச் சாம்பல் குடுவையும், அவர்கள் வந்த படகின் எண்ணை எழுதிய அட்டையும் இருந்தன. ஒரு தட்டில் இரண்டு பழைய செப்புக் காசுகள்.

அந்தக் காசுகள் தோவாவின் அம்மா பாவாடை விளிம்பில் தைத்துக் கொடுத்துவிட்டவை. நடுவில் சதுர ஓட்டை. ஒவ்வொன்றிலும் ஒரு முகத்தில் வெள்ளைச் சுண்ணாம்பு தடவியிருக்கும்; மறுமுகம் பழைய செம்பின் கறுப்பு. இறந்தவரிடம் கேள்வி கேட்டு இரண்டையும் தட்டில் போட வேண்டும். ஒன்று வெள்ளை, ஒன்று கறுப்பு விழுந்தால் சரி என்று அர்த்தம். இரண்டும் வெள்ளை என்றால் சிரிக்கிறார்கள், மறுபடி கேட்கலாம். இரண்டும் கறுப்பு என்றால் வேண்டாம். மூன்று தடவை வரை கேட்கலாம், அதற்கு மேல் தொந்தரவு செய்யக் கூடாது. புதுவருஷத்துக்கு முன்னால் தோவா எங்கள் தொட்டியிலிருந்து ஒரு விரல் சுண்ணாம்பு எடுத்து வந்து புதிதாகத் தடவுவாள்.

"தோவா! பக் சூ சொல்றான், சனிக்கெழமை கடலு மூச்சு வாங்கும்னு!"

"மூச்சு வாங்கும்னா?"

"ரெண்டு வாடைக்கு நடுவுல ஒரு நாளு எடைவெளி விழுமாம். விடியக்காலம் போனா ரெண்டு மணி நேரம். தோண்ட, கழுவ நாலு மணி நேரம். பொழுது சாய வந்துடலாம். பஸ்ஸையும் புடிச்சிடுவேன்."

"அவன் சொன்னா சொன்னபடி விழுமா?"

"மூணுக்கு ஒண்ணு தப்பும்னு அவனே சொல்றான். நல்ல மனுஷன்."

"தப்பிடுச்சுன்னா?"

"தப்பிடுச்சுன்னா தீவுலயே கெடக்க வேண்டியதுதான். பத்து நாளோ என்னவோ. கொட்டாய் ஒண்ணு ரெண்டு இன்னும் நிக்குதாம். அரிசி எடுத்துட்டுப் போறேன்."

"திங்கக்கெழமை?"

அந்தப் பக்கம் மழை தகரத்தில் அடிக்கும் சத்தம் எனக்கும் கேட்டது.

"திங்கக்கெழமைய அப்புறம் பாத்துக்கலாம். புள்ளைய வெச்சிக்கிட்டு எங்க வேணா நிக்கிறேன். மேல் வரிசையிலயும் மண்ணு விட ஆரம்பிச்சிடுச்சாம் தோவா. அடுத்த வருஷத்துக்கு அவன் இருப்பானான்னு தெரியல." குரல் இறங்கியது. "நீ ஒரு வார்த்தை சொல்லு. போன்னா போறேன்."

குயென் அடுக்களை வாசலில் ஈரக் கையோடு நின்றாள். தோவா அவளைப் பார்த்தாள். பிறகு, "இருங்க. அவனையே கேக்குறேன்," என்றாள்.

ஃபோனை அலமாரி மேல் கிடத்தினாள். ஊதுவத்தி ஏற்றினாள். காசுகளை உள்ளங்கையில் மூடி நெற்றியில் வைத்துக்கொண்டு, "எருமைக்கன்னு, அப்பா ஒன்ன கூட்டிட்டு வர வரட்டுமா?" என்று கேட்டுத் தட்டில் போட்டாள்.

ஒன்று வெள்ளை. ஒன்று கறுப்பு.

நான் பார்த்தேன். குயென் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்ததையும் பார்த்தேன்.

தோவா ஃபோனை எடுத்தாள். "ரெண்டும் கறுப்பு," என்றாள்.

"அம்மா..." என்றாள் குயென். தோவா கையை உயர்த்தினாள்.

"இன்னொரு தடவை கேளு," என்றது ஃபோன். "மூணு தடவை கேக்கலாமில்ல?"

கேட்டாள். ஒன்று வெள்ளை, ஒன்று கறுப்பு.

"கறுப்புதான்."

"சத்தமா கேளுடி. தூங்கியிருப்பான். எப்பவும் இந்நேரம் தூங்கிடுவான்."

மூன்றாம் தடவை அவள் உரக்கக் கேட்டாள். பக்கத்து வீட்டுக்குக்கூடக் கேட்டிருக்கும். காசைப் போடுவதற்கு முன்னால் வெகுநேரம் கையில் வைத்திருந்தாள். இந்த ஒரு தடவையாவது இரண்டும் கறுப்பாக விழுந்து, தான் சொன்னது உண்மையாகிவிடட்டும் என்று வேண்டிக்கொண்டாளோ என்னவோ. ஒரு காசு விளிம்பில் நின்று சுற்றியது. சுற்றி விழுந்தது.

வெள்ளை.

மற்றது கறுப்பு.

"வேணாங்கறான்," என்றாள். "மூணு தடவையும் வேணாங்கறான். நீங்க சனிக்கெழமை கரையிலயே இருங்க. ராத்திரி பஸ் ஏறிடுங்க."

"சரி," என்றான் கியெம். "அவன் சொன்னா சரி."

ஃபோனை வைத்தபின் குயென், "தம்பி வரேன்னுதானம்மா சொன்னான்," என்றாள். அழுகையும் கோபமுமாக.

"பாத்திரம் தேய்ச்சாச்சா?"

"மூணு தடவை சொன்னானே!"

"அவனுக்குத் தேதி கெடையாது குயென். ஒங்கப்பாவுக்கு இருக்கு." ஊதுவத்தி சாய்ந்திருந்ததை நேராக நிமிர்த்தினாள். "அண்ணே, நீங்க எதையும் பாக்கல."

"பாக்கல," என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை இரவுச் சாப்பாட்டு நேரத்துக்குக் கியெம் வந்து சேர்ந்தான். நானும் குயெனும் ரயிலடிக்குப் போய்க் கூட்டிவந்தோம். கறுத்து, கன்னம் ஒட்டிப்போயிருந்தான். வாசலில் செருப்பைக் கழற்றியதும் சட்டைப் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து என்னிடம் கொடுத்தான். நான் பக்கத்தைத் திருப்பி முத்திரையைப் பார்த்தேன். டிசம்பர் பதின்மூன்று. மை இன்னும் பளபளப்பாகத்தான் இருந்தது. ஒரு நாள் மிச்சம்.

தோவா வெந்நீர் ஊற்றி வைத்திருந்தாள். சோறு, கீரைப் புளிக்கறி, பொரித்த மீன். சாப்பிட உட்கார்ந்தவன் மடித்தபடியே இருந்த சிவப்புத் துணியையும், அந்தச் சின்னக் கரண்டியையும் எடுத்து மேசை ஓரத்தில் வைத்தான்.

"சனிக்கெழமை எப்படி இருந்துச்சு?" என்று நான் கேட்டிருக்கக் கூடாது. வாய் முந்திக்கொண்டது.

"பக் சூ சொன்ன மாதிரியே," என்றான். "எண்ணெய் ஊத்தின மாதிரி. நானே அப்படி ஒரு கடல பாத்ததில்ல. காலையில நாலு படகு போச்சு. மீன் ஏத்திட்டு மூணு மணிக்கெல்லாம் திரும்பி வந்துட்டானுங்க. தீவு இந்தா, கைநீட்டினா தொடலாம் போல. மரமெல்லாம் தனித்தனியா தெரிஞ்சிச்சு. பக் சூ என்னைப் பாத்துப் பாத்துச் சிரிக்கிறான், வாடா வாடான்னு கூப்புடுறான். நான் எப்படி போறது? புள்ள வேணாங்கறானே."

தோவா அவன் கிண்ணத்தில் மீனை முள்ளெடுத்து வைத்தாள். வைத்துக்கொண்டே இருந்தாள். கிண்ணம் நிரம்பி வழிந்தது.

"அவன அங்க விட்டுட்டு வந்தோமில்ல," என்றான் கியெம். "பதினோரு வருஷமா எட்டிப் பாக்கல. இப்ப வந்து வாடான்னா வருவானா? நானா இருந்தாலும் வரமாட்டேன். இனிமே அவன தொந்தரவு பண்ணக் கூடாது. கடலு எடுத்துக்கிட்டா எடுத்துக்கட்டும். நமக்கு நாலு மாசம் சோறு போட்ட கடலுதான்."

"வர மே மாசம் புதுப் புத்தகம் வாங்கிப் போகலாங்க," என்றாள் தோவா. "எனக்கும் சேத்து எழுதச் சொல்றேன். ரெண்டு பேரும் போவோம். காலமெல்லாம் பாக்க வேணாம்."

"நீ போ. நான் வரல. அவனுக்கு என்னைப் புடிக்கல."

குயென் கிண்ணத்தை வைத்துவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டாள். அவள் போன கதவையே தோவா பார்த்துக்கொண்டிருந்தாள். அவளால் எதைச் சொல்ல முடியும்? உண்மையைச் சொன்னால், மகன் மூன்று தடவை கூப்பிட்டும், கடல் எண்ணெயாகக் கிடந்தும், அப்பா கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார் என்றாகும். சொல்லாவிட்டால், மகன் மூன்று தடவை அப்பாவை வேண்டாம் என்றான் என்றாகும். இரண்டில் எதையும் ஒரு மனுஷன் தலையில் இறக்க முடியாது. ஒன்று ஏற்கெனவே இறங்கிவிட்டது.

கியெம் கை கழுவிக்கொண்டு வந்து அலமாரி முன்னால் உட்கார்ந்தான். அதுவரை அந்தக் காசுகளை அவன் தொட்டதே இல்லை. தெற்கத்தியான், கிண்டல் செய்வான். அன்றைக்கு இரண்டையும் எடுத்து, அவள் செய்வதுபோலவே நெற்றியில் வைத்துக்கொண்டான்.

"ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். தெரிஞ்சிக்கிட்டா போதும்," என்றான்.

"வேணாங்க," என்றாள் தோவா. "சாப்பிட்ட கையோட கேக்கக் கூடாது."

"எருமைக்கன்னு. அப்பா மேல கோவமாடா?"

காசுகள் தட்டில் விழுந்தன. நான் இருந்த இடத்திலிருந்தே தெரிந்தது. ஒன்று வெள்ளை, ஒன்று கறுப்பு.

கியெம் தலையை ஆட்டினான், எதிர்பார்த்த பதில்தான் என்பதுபோல. பிறகு அவன் தோள் குலுங்கத் தொடங்கியது.

தோவா எழுந்தாள். தட்டிலிருந்து காசுகளை அள்ளிக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் தேய்க்கும் நாரால் தேய்த்தாள். ஓட்டை விளிம்பையும் நகத்தால் சுரண்டினாள்.

"என்ன பண்ற?" என்றான் கியெம், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"சுண்ணாம்பு உரிஞ்சிக் கெடக்கு. அதான் தப்புத் தப்பா விழுது. புதுசா தடவணும்."

திரும்பக் கொண்டுவந்து தட்டில் வைத்தபோது இரண்டு காசுக்கும் இரண்டு பக்கமும் செம்பு நிறமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை நான் டிரம் கொட்டகைக்கே போய்விட்டேன். இழுத்துக் கட்டும் அறையைத் தாண்டிப் போகும்போது கியெமின் குரல் கேட்கும். ஒண்ணு, ரெண்டு, மூணு. மூணுக்குக் கவ்விகள் சேர்ந்து விழும் சத்தம். தோல் கோணவில்லை. வேலையில் அவர்கள் ஒருநாளும் கோணியதில்லை.

புதுவருஷம் வந்தது. வழக்கம்போல் தோவா இலையில் பொதிந்து வேகவைக்கும் சோற்று அடையெல்லாம் கட்டினாள், எங்கள் வீட்டுக்கும் நான்கு கொடுத்தாள். அவள் தினமும் நடந்து போகும் வழியில்தான் சுண்ணாம்புத் தொட்டிகள், வரிசையாக ஆறு. ஆறும் விளிம்பு வரை வெள்ளையாக நிரம்பியிருந்தன. அந்த வருஷம் அவள் ஒரு விரல்கூடத் தொட்டெடுக்கவில்லை.